அட்டையில் ஆயிரத்து இருநூறு, காதில் இருபது

தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் வட்டாரத்தில் டாக்ஸியும் ஆப் வண்டியும் சொந்தக் காரும் ஓட்டும் தமிழ் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

இதை எழுதுகிறவர் மெக்கானிக் அல்ல, கடைக்காரரும் அல்ல. உங்கள் வண்டிகளின் பின்சீட்டில் வாரத்துக்கு நாலைந்து முறை உட்காருகிறவர். சயான் சர்க்கிளில் வண்டி நகராமல் நிற்கும்போது, பிடரிக்குப் பின்னால் இருக்கும் ஓவல் ஸ்பீக்கரில் இளையராஜாவின் பேஸ் கிடார் ஈரத் துணி கிழிவதுபோல் கிழிவதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர். சொன்னால் கோபித்துக்கொள்வீர்களோ என்று இத்தனை நாள் சொல்லவில்லை. அந்தக் கிழிசலுக்கு நீங்கள் கொடுத்த விலை தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மூன்று நாள், நான்கு நாள் ஓட்டக் காசு. சிலருக்குத் தவணை வேறு.

உங்கள் ரசனையைக் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. அட்டைப்பெட்டியில் அச்சிட்டு உங்களுக்கு விற்கப்பட்ட ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு.

கடையில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கவுன்டரில் பெட்டியைத் தட்டி வைப்பார்கள். மேலே தீப்பிழம்புப் படம், அதற்கு நடுவே 1200 வாட்ஸ். "பாரா சௌ வாட் பாய், ஏக்தம் தம்தார்!" என்பார் கடைப் பையன்; ஆயிரத்து இருநூறு வாட், பிரமாத பவர் என்கிறார். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 750 அல்லது 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். சட்னி அரைக்கிற மிக்ஸி 500 அல்லது 750. இஸ்திரிப் பெட்டியைவிட அதிகமான மின்சாரத்தை, கதவுக்குள் திருகுகிற உள்ளங்கை அகலக் கூம்பு வாங்கிக்கொண்டு சூடேறாமல் பாடுமாம். சரி, வாங்கிக்கொள்ளும் என்றே வைத்துக்கொள்வோம். கொடுப்பது யார்? சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடினாலும் மொத்தமாகத் தருவது ஏறத்தாழ ஆயிரம் வாட்ஸ். ஹெட்லைட், ஏசி ஃபேன், வைப்பர், இன்ஜின் எல்லாம் அதே பந்தியில்தான் உட்கார வேண்டும்.

கொஞ்சம் வயதானவர்களுக்கு 1990-களின் டூ-இன்-ஒன் பெட்டிகள் நினைவிருக்கும். கையில் தூக்கிப்போகும் பிளாஸ்டிக் பெட்டியின் நெற்றியில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஓடியது சில வாட்ஸ்தான். அந்த நான்கு எழுத்துக்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை என்று எதுவும் கிடையாது. தயாரித்தவர் மனம் போல எழுதிக்கொள்ளலாம். அந்த ஸ்டிக்கர் இப்போது கார் ஸ்பீக்கர் அட்டைக்குக் குடிபெயர்ந்து 'மேக்ஸ்', 'பீக்', 'மியூசிக் பவர்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் தேட வேண்டிய எழுத்துகள் வேறு: ஆர்.எம்.எஸ். சில பெட்டிகளில் 'நாமினல்', 'ரேட்டட்', 'கன்டினியூவஸ்' என்று இருக்கும். தாராவி 13-ஆம் காம்பவுண்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பந்தயம் கட்டினால் ஒருவர் நூற்றைம்பது கிலோவை ஒரே மூச்சில் தூக்கி இரண்டடி வைப்பார். காலையிலிருந்து மாலைவரை அவர் தூக்குவது ஐம்பது கிலோ மூட்டை. கூலி பேசும்போது நீங்கள் எந்தக் கணக்கை எடுப்பீர்கள்? பீக் என்பது பந்தய மூட்டை. ஆர்.எம்.எஸ். என்பது தினசரி மூட்டை.

இனி உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் டெக்குக்கு வருவோம். அதன் முகத்தில் '50 வாட்ஸ் × 4' என்று எழுதியிருக்கும். இது முழுப் பொய் அல்ல என்பதுதான் வேடிக்கை. வண்டி ஓடும்போது மின்சுற்றில் இருப்பது 14.4 வோல்ட் அளவு. ஸ்பீக்கர் 4 ஓம். (செட்டா நகர் முருகன் சன்னிதியில் சொல்கிற ஓம் அல்ல இது; மின்சாரம் பாய்வதை ஸ்பீக்கர் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு.) வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ் கிடைக்கும். 14.4 பெருக்கல் 14.4, ஏறத்தாழ 207. நான்கால் வகுத்தால் 52. ஐம்பது வந்த வழி இதுதான்.

ஆனால் அந்த 52 கிடைக்க வேண்டுமானால், டெக்கிலிருந்து வரும் அலை தலையும் காலும் வெட்டப்பட்டுச் சதுரமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட அலையில் எஸ்.பி.பி. பாடினாலும் ஹாரன் மாதிரிதான் கேட்கும். அலை வெட்டுப்படாமல் உருண்டையாக வந்தால் கிடைப்பது அதில் சரிபாதி, 26 வாட்ஸ். டெக்குக்குள் இருக்கிற ஐ.சி. சில்லு தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கிவிடும். மிச்சம் 18 முதல் 22 வாட்ஸ். பயனியர் டெக்கோடு வரும் கையேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அதிகபட்சம் 50 வாட்ஸ் × 4 என்பதற்குப் பக்கத்திலேயே, தொடர்ச்சியாக 22 வாட்ஸ் × 4 என்று இருக்கும். அதுவும் ஐந்து சதவீதச் சிதைவைச் சேர்த்து அளந்தது. மறைக்கவில்லை, சின்ன எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். 50 மட்டும் முகப்பில் பெரிய எழுத்தில். செம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: மாடிப்படியில் எதிர்ப்படுகிற மாமா பெரும்பாலும் அணு ஆராய்ச்சி மையமான பி.ஏ.ஆர்.சி.யில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராக இருப்பார். இந்தக் கணக்கில் சந்தேகமிருந்தால் அவரைக் கேளுங்கள், மகிழ்ச்சியாக ஒரு மணி நேரம் சொல்வார்.

மாமா கிடைக்காவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். டெக்கின் முதுகில் ஒரு சின்ன ஃப்யூஸ் செருகியிருக்கும். பெரும்பாலும் 10 ஆம்பியர். பத்தை 14.4-ஆல் பெருக்கினால் 144 வாட்ஸ். உள்ளே போவதே 144 என்றால், நாலு ஐம்பது இருநூறு எப்படி வெளியே வரும்? தனியாக விற்கிற ஆம்ப்ளிஃபையருக்கும், அதாவது ஆம்புக்கும், இதே சோதனைதான். மேலே 2000 வாட்ஸ் என்று பளபளக்கும். பக்கவாட்டில் ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்கும். உள்ளே போவது 288 வாட்ஸ். ஏபி வகை ஆம்பானால் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் சூடாகப் போகும். டி வகையானால் முக்கால் பங்குக்கு மேல் தேறும். எப்படிப் பார்த்தாலும் 150-லிருந்து 230-க்குள். அட்டையில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஃப்யூஸை அந்த எண்ணுக்கு ஏற்றபடி பெரிதாகப் போட்டால் உள்ளே இருப்பது எரியும் என்பதால் அங்கே மட்டும் யாரும் கை வைப்பதில்லை.

இந்த வாட்ஸ் விளையாட்டு மும்பையில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இதே கதை நடந்து, அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 1974-இல் விதி போட்டது: வாட்ஸ் எழுதினால் எந்த நிலையில் அளந்தது என்றும் எழுத வேண்டும். கார் ஆம்புகளுக்கு 2003-இல் அங்குள்ள மின்னணுத் தயாரிப்பாளர் சங்கம் ஒரு தரமுறை கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு ஒரு சதவீதத்துக்குள், அப்போது வருகிற ஆர்.எம்.எஸ். வாட்ஸ். கட்டாயமில்லை, விரும்பியவர் பின்பற்றலாம். 'சி.இ.ஏ. 2006' அல்லது 'சி.டி.ஏ. 2006' என்ற முத்திரையைப் பெட்டியில் கண்டால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம்.

இப்போது ஸ்பீக்கரின் வாட்ஸ். இங்கேதான் உங்களில் பாதிப் பேர் சறுக்குகிறீர்கள். ஸ்பீக்கர் வாட்ஸைத் தருவதில்லை, தாங்குகிறது. பாலத்தின் முகப்பில் 'பாரம் 10 டன்' என்று பலகை இருந்தால் பாலம் உங்கள் லாரியைச் சுமந்து அக்கரை சேர்க்கும் என்று பொருளா? அதற்கு மேல் ஏற்றினால் இடியும் என்றுதானே பொருள்? 20 வாட்ஸ் தருகிற டெக்கில் 100 வாட்ஸ் தாங்குகிற ஸ்பீக்கரை மாட்டினாலும், 50 வாட்ஸ் தாங்குவதை மாட்டினாலும், ஓடுவது அதே 20 வாட்ஸ். பெரிய எண்ணுக்காகக் கொடுத்த கூடுதல் காசு கதவுக்குள் தூங்குகிறது.

சத்தத்தைத் தீர்மானிக்கிற எண் வேறொன்று. பெட்டியின் மூலையில் டெசிபெல் கணக்கில் இருக்கும். கடைக்காரர் ஒருநாளும் அதை வாயால் சொல்ல மாட்டார். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பது அது. சென்சிடிவிட்டி என்பார்கள், வண்டிக்கு மைலேஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கர் 87, இன்னொன்று 91 என்று இருக்கட்டும். வித்தியாசம் நாலுதானே என்று தோன்றும். இந்தக் கணக்கு கிலோ கணக்கு அல்ல. மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் பத்து மடங்கு வேண்டும். உங்கள் 20 வாட்ஸ் டெக்கில் 91 டெசிபெல் ஸ்பீக்கர் தருகிற சத்தத்தை 87 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து வாங்க 50 வாட்ஸ் தேவை. அதாவது தனியாக ஓர் ஆம்ப், அதற்கு வயர், ஃப்யூஸ், மாட்டுக் கூலி. அந்த நாலு டெசிபெல்லைப் பார்த்து வாங்கினால் இவ்வளவும் மிச்சம். இதிலும் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. '1 வாட்' என்பதற்குப் பதிலாக '2.83 வோல்ட்' என்று எழுதியிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட்ஸ். எண் மூன்று டெசிபெல் வீங்கியிருக்கிறது; கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஸ்பீக்கர் வகைகளை அறிய மாட்டுங்காக்காரர்களுக்கு வகுப்பே வேண்டாம். சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது, மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் பிரிந்து கேட்காவிட்டால் மைக்காரரைத் திரும்பிப் பார்க்கும். ஸ்பீக்கரும் அந்தப் பிரிவினைதான். ஜால்ராவின் 'கிண்' ஒரு பக்கம், தவிலின் 'தும்' ஒரு பக்கம், நடுவில் பாடுகிறவர் குரல். ஒரே கூம்பு எல்லாவற்றையும் செய்வது ஃபுல் ரேஞ்ச். கம்பெனியிலிருந்து கீழ் மாடல்களில் வருவது பெரும்பாலும் இதுதான். நடுவில் ஒரு குட்டிக் கூம்பு ஒட்டியிருந்தால் டூயல் கோன். 'தும்'முக்கான ஊஃபரின் நடுவிலேயே தண்டு நிறுத்தி, 'கிண்'ணுக்கான ட்வீட்டரைப் பொருத்தியது கோஆக்ஸியல். டூ-வே, த்ரீ-வே என்கிறீர்களே, அது. ட்வீட்டரைத் தனியாகப் பிரித்துக் கண்ணாடி ஓரம் மேலே வைத்து, ஊஃபரைக் கதவில் விட்டு, யாருக்கு எந்த ஸ்வரம் என்று பிரித்துக் கொடுக்க கிராஸ்ஓவர் என்ற சின்னப் பெட்டியையும் சேர்த்தது காம்போனென்ட். குரல் முழங்காலிலிருந்து வராமல் முகத்துக்கு நேரே வரும். விலையும் அதற்கேற்ப.

'வே' எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்று நினைக்காதீர்கள். நாலு-வே, ஐந்து-வே என்று விற்கிற சில மலிவுச் சரக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு குட்டிக் கூம்புகளுக்கு வயரே போயிருக்காது. அலங்காரத்துக்கு ஒட்டிய பிளாஸ்டிக். நல்ல டூ-வே அதைத் தோற்கடிக்கும்.

தாராவித் தம்பிகளின் தேவை வேறு. உங்கள் காதில் ராப் ஓடுகிறது. 'காலா' படத்துக்கு 2018-இல் உங்கள் தெருவின் டோப்அடெலிக்ஸ் குழு பாடியதிலிருந்து அது ஊருக்கே தெரியும். அந்தப் பாட்டுகளின் அடி 50 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. கதவில் இருக்கும் ஆறரை அங்குலம் அங்கே எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று டெக்கில் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் கூம்பு முன்னும் பின்னும் குதிக்கும், சத்தம் வராது, உலோகம் தட்டுகிற ஒலி வரும். அந்த இசைக்கு சப்ஊஃபர் வேண்டும், அதற்குத் தனி ஆம்ப் வேண்டும். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் படுத்திருக்கிற வண்டியில் பெரிய பெட்டி வைக்க இடமில்லை. சீட்டுக்கு அடியில் போகிற, ஊஃபரும் ஆம்பும் ஒரே பெட்டியில் இருக்கிற வகை உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தரையோடு வைத்த ஆம்பில் முதலில் ஏறுவது அந்தத் தண்ணீர்தான். இரண்டு அங்குலமாவது உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கதவு ஸ்பீக்கரிலும் காகிதக் கூம்பைவிட பாலிப்ராப்பிலீன் கூம்பு, ஓரத்தில் நுரைக்குப் பதில் ரப்பர். நுரை இந்தக் கடற்காற்றில் சில வருடங்களில் பொடியாக உதிரும்.

பழைய பிரீமியர் பத்மினியில் கேசட் காலத்தில் பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு ஓவல் ஸ்பீக்கர் வைப்பதுதான் வழக்கம். குர்லாவில் தயாரான அந்த வண்டி, 2023 அக்டோபரோடு மும்பை டாக்ஸிப் பதிவிலிருந்தே போய்விட்டது. ஓவலைப் பின்னால் வைக்கிற பழக்கம் போகவில்லை. இதனால் நடப்பதைப் பின்சீட்டுக்காரர் சொன்னால்தான் தெரியும். நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள். ஒலி பின்னால் பிறக்கிறது. ட்ராஃபிக் இரைச்சலில் உங்களுக்குப் பத்தவில்லை. வால்யூம் ஏறுகிறது. பயணியின் பிடரிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. நீங்கள் ரசிக்கிற அளவு வருவதற்குள் அவருக்குத் தலைவலி வந்து, இறங்கியதும் நாலு நட்சத்திரத்தை மூன்றாக்குகிறார். முன் கதவில் ஒரு நல்ல ஜோடி, பின்னால் கம்பெனி கொடுத்ததே போதும், டெக்கில் முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பிரிக்கிற ஃபேடரைச் சற்று முன்பக்கம் தள்ளிவிட்டால் இருவருக்கும் சரியாகிவிடும்.

அந்தக் கிழிசல் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் ஸ்பீக்கரைக் கொல்வது அதுதான். 20 வாட்ஸ் தருகிற டெக்கிடம் நீங்கள் 40 கேட்கிறீர்கள். அதனிடம் இல்லை. அலையின் உச்சியை வெட்டிச் சதுரமாக்கித் தருகிறது; மேலே சொன்ன அந்தச் சதுரம். சதுர அலையில் சராசரி வாட்ஸ் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கூடவே கூர்மையான உப ஒலிகள் பிறந்து நேராக ட்வீட்டருக்குப் போகும். ட்வீட்டரின் கம்பிச் சுருள் தலைமுடி மாதிரி மெலிசு. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது ஒரு சதவீதம் அளவுதான், மீதியெல்லாம் சூடு. சுருள் கருகிவிடும். "ஸ்பீக்கர் சரியில்லை, இன்னும் பெரிய வாட்ஸ் போடு" என்று கடையில் சொல்வார்கள். நீங்கள் இன்னும் பெரிய அட்டை வாங்குவீர்கள். அதே டெக், அதே 20 வாட்ஸ், அதே கிழிசல்.

இதுவரை சொன்னதில் நஷ்டம் காசு மட்டும். ஆம்ப் மாட்டுகிறவர்கள் அடுத்த பத்தியை இரண்டு முறை படிக்கும்படி வேண்டுகோள்.

ஆம்புக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர் இழுக்கிறார்கள். பேட்டரியை விட்டு அரை மீட்டருக்குள் அந்த வயரில் ஒரு ஃப்யூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். ஆம்பில் இருக்கிற ஃப்யூஸ் ஆம்பைக் காக்கும். வழியில் கதவுத் தகட்டில் உரசி வயர் தோல் உரிந்தால் காப்பது பேட்டரிப் பக்கத்து ஃப்யூஸ் மட்டுமே. அது இல்லாமல் ஓடுகிற வண்டிகள் உங்கள் ஸ்டாண்டிலேயே இருக்கலாம். பின்னால் சிலிண்டரில் எரிவாயு ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்தது, வயர் செம்புதானா என்று பாருங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். நுனியில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது ஒரு அளவு தடித்ததாக வாங்குங்கள். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கோர்த்தால் அது 2 ஓம் ஆகிவிடும். டெக் அதைத் தாங்காது. கம்பெனி வயரை வெட்டி டேப் சுற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வெட்டாமல் செருகுகிற கப்ளர் உங்கள் மாடலுக்குக் கிடைக்கும். வாரண்டிக்கும் அதுதான் நல்லது.

சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கப்போவதில்லை. 2020 ஜனவரியில் மும்பைப் போக்குவரத்துப் போலீஸ் வெளியிட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். சிக்னலில் ஹாரன் சத்தம் 85 டெசிபெல் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணும் ஏற்பாடு அது. ஹிந்த்மாதாவிலும் வைத்துப் பார்த்தார்கள். அந்த 85 தொழிலாளர் காதுக்கு எட்டு மணி நேரத்துக்கு வைக்கிற எல்லைக்கோடு. மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி. நீங்கள் ஓட்டுவது பத்து, பன்னிரண்டு மணி நேரம். மே மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு ஓட்டிக்கொண்டு போகிறீர்களே, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல், அப்போது பின்சீட்டில் இருப்பது உங்கள் பிள்ளைகள்.

இனி கேட்க வந்ததைக் கேட்டுவிடலாம். அடுத்த முறை ஸ்பீக்கரோ ஆம்போ வாங்கும்போது தனியாகப் போகாதீர்கள். ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேராகப் போங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை போனில் வைத்துக்கொண்டு, கடையின் டெமோப் பாட்டை நிறுத்தச் சொல்லி, உங்கள் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பெட்டியின் முகப்பைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ், ஓம், சென்சிடிவிட்டி டெசிபெல் இந்த மூன்றையும், ஆம்பானால் ஃப்யூஸ் ஆம்பியரையும் மாடல் எண்ணோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில்லாக இருக்கட்டும், வெற்றுச் சீட்டு வேண்டாம். எழுதியது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது வேறொன்று என்றால் உங்கள் கையில் காகிதம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. டாக்ஸிக்கு வாங்கியது வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோர் இல்லை என்று யாராவது மிரட்டினால் மசியாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று, இது உங்கள் சங்கங்களுக்கு. மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1887-இல் தொடங்கியது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் தாராவிப் பிள்ளைகளும் செம்பூர்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூறடிச் சாலையில் நாலு வண்டியை நிறுத்தி, ஒரு மீட்டரும் ஒரு 4 ஓம் ரெசிஸ்டரும் வைத்து, உங்கள் டெக்கும் ஆம்பும் நிஜமாக எத்தனை வாட்ஸ் தருகின்றன என்று அளந்து, ஒரு அட்டையில் எழுதி ஸ்டாண்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. பொங்கலுக்கு அந்தத் தெருவில் அத்தனை பானை வைக்க ஏற்பாடு செய்கிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

அந்த அட்டையில் இருக்கிற எண்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில்லில் எழுத மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், பெட்டியைக் கவுன்டரிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். அதே ரோட்டில் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பின்சீட்டில் இருப்பவர்